மலையின் உயரம் பார்த்து அனுமதி கொடுங்கள்: வீட்டில் பாம்பு வளர்ப்பது குறித்து நீலகிரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நீலகிரி மாவட்ட ஆட்சியர், நீலகிரி மற்றும் கூடலூர் வனக்கோட்ட அலுவலர்கள், நகராட்சி ஆணையர்கள், பேரூராட்சி, ஊராட்சி மன்றத்தினர்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்போருக்கு இன்று இருக்கும் முதன்மையான நடைமுறை ஒன்றிய அரசின் பதிவுதான். அந்தப் பதிவு பன்னாட்டு விலங்கு வணிகத்தைக் கண்காணிக்க எழுதப்பட்டது. நீலகிரிக்கு எந்தப் பாம்பு ஆபத்து, எந்தப் பாம்புக்கு நீலகிரி ஆபத்து என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. உதகையின் குளிர்காலத்தைத் தாங்காத பாம்பு பதிவுக்குள் வருகிறது. குளிரைச் சமாளித்து ஒளிந்து வாழக்கூடிய பாம்பு பதிவுக்கு வெளியே நிற்கிறது. இதைச் சரிசெய்ய உள்ளாட்சி அளவில் ஓர் இட அனுமதி முறை வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். முழுத் தடை கேட்கவில்லை. தடை போட்ட மறுநாளே அச்சத்தில் பெட்டியைத் திறந்து சோலைக்குள் விடுகிறவர்கள் இருப்பார்கள். அந்தப் பாம்பை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பது. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-இன் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி எதுவானாலும் நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலான முதல் அட்டவணை இனம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இதில் அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. விற்பவர்கள் 'அல்பினோ', 'வெளிநாட்டு இனம்' என்று சொல்லித் தள்ளிவிடும் பர்மிய மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலங்களில் இயல்பாக வாழ்வது. வலைப்பின்னல் மலைப்பாம்பு நிக்கோபார் தீவுகளில் வாழ்வது. நிறம் மாறியதால் அவை வெளிநாட்டுப் பாம்பு ஆகிவிடாது. ஆய்வுக்குப் போகிற அலுவலர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டு இனங்களில், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை நான்காம் அட்டவணையில் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர் சட்டத்தின் 49எம் பிரிவின்படியும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படியும் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையத்தளம் வழியாகத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம் தரப்பட்டது. புதிதாகப் பெறுகிறவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தான் (பந்தாகச் சுருளும் சிறு மலைப்பாம்பு), போவா, கார்ப்பெட் பைத்தான் எல்லாம் இந்த வலைக்குள் விழுகின்றன, ஏனென்றால் மலைப்பாம்புக் குடும்பமும் போவா குடும்பமும் மொத்தமாகவே சைட்டிஸ் பட்டியலில் உள்ளன.

அமெரிக்கக் கண்டங்களின் விஷமற்ற பாம்புகளான கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நான்காம் அட்டவணையிலும் இல்லை, பதிவிலும் இல்லை. முறையான இறக்குமதி உரிமமும் கால்நடைத் தொற்றுத்தடுப்புச் சான்றும் இல்லாமல் நாட்டுக்குள் வந்திருந்தால் அது சுங்கச் சட்டக் குற்றம். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் இப்படிப்பட்ட பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை பிடித்தது பலமுறை செய்தியானது. ஆனால் விமான நிலையத்தைத் தாண்டி ஒருவர் வீட்டுக்கு வந்த பிறகு, கார்ன் ஸ்நேக் குஞ்சைப் பற்றிக் கேட்க நம் மாவட்டத்தில் ஒரு படிவம்கூட இல்லை.

மலைக்கு உண்மையான கவலை தர வேண்டியவை இந்த மூன்றும்தான். பால் பைத்தான் மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் வெப்பப் புல்வெளிப் பாம்பு. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் டிசம்பர் மாத இரவில் வெளியே போனால் அதற்குச் செரிமானம் நின்று, நுரையீரலில் சளி கட்டி, சில நாள்களில் முடிந்துவிடும். கார்ன் ஸ்நேக் வட அமெரிக்காவின் குளிர்காலத்தை மண்ணுக்குள் உறங்கிக் கழிக்கும் இனம். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் அதை இரண்டு மூன்று மாதம் 10 முதல் 13 டிகிரியில் வேண்டுமென்றே வைக்கிறார்கள். அந்தச் சூடு உதகை வீட்டின் குளிர்கால அறைச் சூடுதான். முட்டை பொரிக்கத் தேவையான 26 முதல் 28 டிகிரி உதகை மண்ணில் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாமா என்றால், கூடாது. காய்கறித் தோட்டத்து எருக்குழியும் கொய்மலர்ப் பசுமைக் குடிலும் அந்தச் சூட்டைத் தரும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் இன்னும் இதமானவை.

கிங் ஸ்நேக் இன்னும் மோசம். அது பாம்பைத் தின்னும் பாம்பு. கலிபோர்னியா கிங் ஸ்நேக் வளர்ப்புப் பெட்டிகளிலிருந்து வெளியேறி ஸ்பெயின் நாட்டின் கிரான் கனேரியா தீவில் நிலைகொண்டது. அங்கு மட்டுமே வாழும் பெரிய பல்லி இனம், அந்தப் பாம்பு பரவிய பகுதிகளில் அரிதாகிவிட்டது. நம் மலையில் அது சந்திக்கப் போவது யாரை என்று எண்ணிப் பாருங்கள். கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகளில் மண்வெட்டிக்குத் தட்டுப்படும் கேடயவால் பாம்புகள் மண்புழுவைத் தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்பவை. ஓர் ஈற்றில் சில குட்டிகள் மட்டுமே போடுபவை. சோலைப் புல்வெளியில் உள்ள குதிரைலாடக் குழிவிரியன் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இவற்றைத் தின்னப் பழகிய ஒரு வெளிப்பாம்பு இங்கு வேரூன்றினால், களை எடுப்பதுபோல் அதை எடுக்க வழியே கிடையாது.

எனவே எங்கள் முதல் கோரிக்கை. கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக் இரண்டுக்கும் மாவட்டம் முழுவதும் இட அனுமதி மறுக்கப்பட வேண்டும். 2022 திருத்தம் சேர்த்த 62ஏ பிரிவு, அயல் ஊடுருவல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அதன் கீழ் இவ்விரண்டையும் அறிவிக்கும்படி மாநில அரசு வழியாகப் பரிந்துரை செய்யுங்கள். கார்ன் ஸ்நேக்கைப் புதிதாக மாவட்டத்துக்குள் கொண்டுவருவதை நிறுத்தி, ஏற்கெனவே உள்ளவற்றை மட்டும் உள்ளாட்சிப் பதிவேட்டில் எழுதி, இனப்பெருக்கத் தடையுடன் அவற்றின் வாழ்நாள் முடியும்வரை அனுமதியுங்கள். வாழ்நாள் என்பது 15 முதல் 20 ஆண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்தது உயரம். அனுமதிக்கு மண்டலம் பிரிப்பது என்றவுடன் 'காட்டு எல்லையிலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதத் தோன்றும். நீலகிரியில் அது பயன் தராது. சோலைத் துண்டும் ஓடையும் தேயிலையும் ஊருக்குள்ளேயே நுழைந்து கிடக்கின்றன. எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்று எல்லா வீடும் தடைக்குள் விழும், அல்லது எதுவும் விழாது. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டரைப் பிரிகோடாக வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கீழே உள்ள கூடலூர், மசினகுடி, பர்லியார் போன்ற ஊர்களில் மலைப்பாம்பு, போவா தப்பினால் உயிரோடு தங்க வாய்ப்பு உண்டு. அங்கு பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு மலைப்பாம்புக்கு இரட்டைப் பூட்டும், ஒரு வீட்டில் ஒரே பாலினம் மட்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். போவாவைப் பொறுத்தவரை கீழ்ப்பகுதியில் அனுமதியே வேண்டாம். அது குட்டி போடும் இனம், ஓர் ஈற்றில் இருபதுக்கு மேல்கூடப் போடும். அரூபா தீவிலும் மெக்சிகோவின் கொசுமெல் தீவிலும் மனிதர் கொண்டுவந்து விட்டதால் பரவியதும் அதுதான். 1,400 மீட்டருக்கு மேலே இந்த வெப்பநாட்டு இனங்களைப் பற்றிய கவலை தலைகீழாகிறது. அங்கு பாம்பால் மலைக்கு வரும் ஆபத்தைவிட, குளிரால் பாம்புக்கு வரும் துன்பமே பெரிது. அந்த அனுமதியின் மையம் சூடாக இருக்க வேண்டும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலையில் வளர்ப்புப் பாம்பு சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரியும் மறுபக்கம் 25 முதல் 27 டிகிரியும் வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 24. இரவில் 18 வரை இறங்கலாம். சமவெளியில் இதற்கு ஒரு சிறு சூட்டு விரிப்பு போதும். கடைக்காரர் சொல்லும் அறிவுரையும் சமவெளிக்கானது.

உதகைக் கணக்கு வேறு. 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள பெட்டி வளர்ந்த பால் பைத்தானுக்குக் குறைந்தபட்ச அளவு. அதை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்து, அறை 10 டிகிரியிலும் பெட்டியின் சராசரி 28 டிகிரியிலும் இருந்தால், சுவர்வழி வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 170 வாட். முழுக் கண்ணாடித் தொட்டியானால் 250 வாட்டுக்கு மேல். காற்றுத் துளை வழியாகப் போவது தனி. 20, 40 வாட் விரிப்பை வைத்துவிட்டு 'சூடு இருக்கிறது' என்று நம்புகிற வீட்டில் காற்று சூடாவதே இல்லை. பாம்பு குளிர் தாங்காமல் விரிப்பின் மேலேயே நாள் முழுக்கக் கிடக்கும். விரிப்பின் மேற்பரப்பு 45 டிகிரியைத் தாண்டும்போதும் நகராது. வயிற்றுச் செதில்கள் வெந்து, கொப்புளித்து, பிறகு அழுகும். சூடு போதாத பெட்டியில்தான் சூட்டுக் காயம் வருகிறது என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும், காரணம் இதுதான்.

தீர்வு அதிக வாட் போடுவது மட்டுமல்ல. பின்பக்கம், இரு பக்கவாட்டு, மேல், அடி என ஐந்து பக்கமும் பெட்டியின் வெளிப்புறத்தில் 25 மி.மீ. தெர்மோகோல் ஒட்டி, முன்கண்ணாடியில் மட்டும் ஒட்டாமல் விட்டால் அதே பெட்டிக்கு 100 வாட் அளவு போதும். வெளிப்புறம் என்பது முக்கியம். உள்ளே ஒட்டினால் பாம்பு உரசித் துகளாக்கிவிடும், சூட்டு விளக்கின் அருகே அது உருகவும் செய்யும். வெப்பம் மேலிருந்து, கம்பிக் கூண்டு போட்ட பீங்கான் சூட்டுக் குமிழ் அல்லது கதிர்வீச்சுத் தட்டு வழியாக வரட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுக்கருவி எதற்கும் அனுமதி வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சூட்டுக் கல்லுக்கு எந்த நிலையிலும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை திருகால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். டேப்பில் ஒட்டினால் ஈரத்தில் விழுந்துவிடும். விழுந்த முனை குளிர்ந்த தரையை அளந்துகொண்டு, கருவியை நிறுத்தாமல் எரியவிடும். அதற்குக் காப்பாக 38 டிகிரியில் தானே துண்டித்து, கையால் மட்டுமே மீண்டும் இயங்கும் இரண்டாவது துண்டிப்பான் ஒன்று இருக்க வேண்டும். மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவு துண்டிப்பானும் முறையான எர்த்தும் கட்டாயம். பழைய மரத்தளம், மரப்பலகைக் கூரை உள்ள வீடுகளில் நீட்டிப்புப் பலகையில் சூட்டுக்கருவி செருகுவதைத் தடை செய்யுங்கள். இது பாம்புக்காக அல்ல, தீ விபத்துக்காக. குளிருக்குக் கரி அடுப்பைப் பாம்பறைக்குள் வைப்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு பாம்பை மட்டும் கொல்லாது.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். 10 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 வரை வேண்டும். அதனால்தான் உதகையில் ஜனவரி மாதம் சட்டை முழுதாக உரியாமல் கண்மூடியிலும் வால்நுனியிலும் ஒட்டிக்கொள்கிறது. வால்நுனியில் வளையமாக இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து விழும். ஈரப் பாசி போட்ட மூடிய மறைவுப்பெட்டி ஒன்று உள்ளே இருந்தால் போதும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: ஈரமான தரை விரிப்பும் குறைந்த சூடும் சேர்ந்து செதில் அழுகல், வாய்ப்புண், சளி.

மின்தடை பற்றி அனுமதிப் படிவத்தில் தனிப் பகுதியே வேண்டும். மழையிலும் மரம் விழும் காற்றிலும் மலையில் மின்சாரம் மணிக்கணக்கில் போகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியின் தாள் கணக்கு 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, மாற்றுகையில் இழப்பும் உண்டு. கையில் கிடைப்பது 700 முதல் 800. தெர்மோகோல் ஒட்டிய பெட்டியை அது 7 மணி நேரம் தாங்கும், வெறும் பிளைவுட்டை 4 மணி நேரம், கண்ணாடித் தொட்டியை 3 மணி நேரம். பேட்டரி வாங்க வசதியில்லாதவருக்கும் வழி உண்டு. 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி. பென்சில் பருமனில் நான்கு காற்றுத் துளை. பாம்பைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்து, 50 டிகிரி வெந்நீர் நிரப்பிய இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களைத் தடித்த துவாலையில் இரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் வைத்தால், ஏறத்தாழ 4 மணி நேரம் 25 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குள் நீரை மாற்றலாம். அதே பாட்டில்களைப் பெரிய பெட்டிக்குள் வைத்தால் அரை மணி நேரம்கூட உதவாது. பாம்புக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தச் சிறுபெட்டி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி தரப்பட வேண்டும்.

ஆய்வை எப்போது, எப்படிச் செய்வது என்பதிலும் கவனம் தேவை. வெயிலேறிய காலை 11 மணிக்கு வருகிற அலுவலருக்கு எல்லாப் பெட்டியும் சரியாகவே தெரியும். குறைந்த, கூடிய சூட்டைத் தானே பதிந்து வைக்கும் வெப்பமானி 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆய்வுக்கு முந்தைய 7 நாளின் குறைந்தபட்ச அளவு, இரு பக்கமும், ஒரு தாளில் எழுதிக் காட்டப்பட வேண்டும். ஏப்ரலில் பார்த்துக் கொடுத்த அனுமதி ஜனவரி உறைபனிக்கு உதவாது. புதுப்பித்தல் ஆய்வை டிசம்பர், ஜனவரிக்குள் வைத்துவிடுங்கள்.

இனி வீடு. ஒன்றோடொன்று ஒட்டிய லைன் வீடுகளில் கூரைக்கும் மச்சுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் பத்து வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டில் தப்பிய பாம்பு நாலாவது வீட்டு அடுக்களையில் இறங்கும். அந்த வெற்றிடத்தைச் சுவர் வைத்து அடைக்காதவரை லைன் வீட்டுக்கு அனுமதி கூடாது. தனி வீடு, தனிக் கூரை என்றால் பிரச்சினை குறைவு. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பாம்பறை ஆக்குவது இரண்டு வகையில் தவறு: தகரம் இரவில் சூட்டை நிறுத்தாது, அதோடு மலைப்பகுதியில் புதிய கட்டுமானத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும், பாம்பு அனுமதி அதற்கு ஈடாகாது. தங்கும் விடுதி, ஹோம்ஸ்டே, உணவகம், ரிசார்ட் ஆகியவற்றுக்கு எந்த இனத்துக்கும் அனுமதி வேண்டாம். விருந்தினர் தோளில் பாம்பைப் போட்டுப் படம் எடுப்பது வளர்ப்பு அல்ல, காட்சிப்படுத்தல். விலங்கைப் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்தும் இடம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடக்கக் கூடாது என்று சட்டத்தின் 38எச் பிரிவு சொல்கிறது.

பக்கத்து வீட்டார் சம்மதம் வேண்டுமா? எங்கள் கருத்து: தகவல் கட்டாயம், சம்மதம் தேவையில்லை. சம்மதத்தை நிபந்தனையாக்கினால் வரப்புச் சண்டையும் பழைய பகையும் கையெழுத்தில் தீர்க்கப்படும். ஆனால் சுவரை ஒட்டி வாழ்பவருக்கு என்ன இனம், விஷமற்றது, எவ்வளவு நீளம், தப்பினால் யாரை அழைப்பது என்ற நான்கும் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அதே தாளின் நகல் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் போகட்டும். பாம்பு என்றதும் மக்கள் முதலில் அழைப்பது அவர்களைத்தான்.

பூட்டைப் பொறுத்தவரை விதியில் 'பாதுகாப்பான பெட்டி' என்று எழுதினால் பயன் இல்லை. நகரும் கண்ணாடிக் கதவுக்குக் கடை ஷோகேஸ்களில் போடும் பல்பூட்டு வேண்டும். இரு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் 4, 5 மி.மீ. இடைவெளி இருந்தாலே கார்ன் ஸ்நேக் குஞ்சு நழுவிவிடும். காற்றுத் துளைக்கு 3 மி.மீ. துருவேறா எஃகு வலை, பசையால் அல்ல, சட்டமும் திருகும் போட்டு. வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம். இது முதல் அடைப்பு. இரண்டாவது அடைப்பு அறையே: கதவடியில் ரப்பர் பட்டை, சன்னலுக்கு வலை, தரைத் துளைக்கு மூடி, பொய்க்கூரை இடுக்குகளுக்குப் பூச்சு. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பகலில் அறைக்குள் நின்று கதவைச் சாத்தி விளக்கை அணையுங்கள். வெளிச்சம் கீற்றாக வரும் இடமெல்லாம் குஞ்சு வெளியேறும் இடம்.

தப்புதல் பெரும்பாலும் சுத்தம் செய்த பிறகும் இரை கொடுத்த பிறகும் பூட்ட மறப்பதால் நடக்கிறது. தப்பியது தெரிந்தவுடன் அந்த அறையை மூடி, அங்கு மட்டும் ஒரு மூலையில் சூடு வைத்து, வாசலோரம் மெல்லிய மாவு தூவினால் போன தடம் தெரியும். மலை வீட்டில் அது சூடு தேடிப் போகும்: குளிர்பெட்டியின் பின்புறம், இன்வெர்ட்டர், அடுப்பு மேடைக்கு அடியில். 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தவருக்குத் தண்டம் இல்லை, மறைத்தவருக்கு உண்டு என்று விதி தெளிவாகச் சொல்லட்டும். தண்டத்துக்கு அஞ்சி ஒருவர் மறைத்தால், அந்தத் தெருவில் அடுத்து கண்ணில் படும் சாரைக்கும் நீர்க்கோலிக்கும்தான் அடி விழும்.

இரை பற்றிச் சுருக்கமாக. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவதைத் தடை செய்யுங்கள். குளிரில் மந்தமான பாம்பின் முதுகை எலி கடித்துத் தின்றுவிடும். உறைந்த எலியைக் குளிர்பெட்டியில் உருகவைத்து, வெந்நீரில் 38 டிகிரிக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். பாம்பின் நடு உடலின் பருமனை மிஞ்சாத அளவு. எஸ்டேட்டிலும் தோட்டத்திலும் பிடித்த எலி வேண்டவே வேண்டாம், அவற்றின் வயிற்றில் எலிமருந்து இருக்கும்.

கழிவு விஷயத்தில் எங்களுக்குக் கண்டிப்பு தேவைப்படுகிறது. புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகளோடு வந்த ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி அந்த ஊர்ப் பாம்புகளுக்குத் தாவி அவற்றைக் கொன்றுவருகிறது. பாம்பு தப்பாமலே அதன் எச்சம் தப்பலாம். எச்சம், விரிப்பு, உரித்த சட்டை, செத்த பாம்பு எதுவும் எருக்குழிக்கோ ஓடைக்கோ போகக் கூடாது. மூடிய பையில் கட்டி எரியூட்டலுக்கு. மருத்துவக் கழிவு சேகரிக்கும் வண்டியுடன் மாதம் ஒருமுறை இதையும் இணைக்க முடியுமா என்று நகராட்சிகள் பார்க்கட்டும். பெட்டியைக் கழுவ ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு, பத்து நிமிடம் ஊற, பிறகு நல்ல நீரில் அலசி உலர்த்தல். அடுக்களைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இயல்பாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் பாம்பறை தனியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

விஷப் பாம்புக்கு எந்த மண்டலத்திலும், எந்த நிபந்தனையிலும், யாருக்கும் அனுமதி வேண்டாம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. அயல்நாட்டு விரியன் கடித்தால் உதகையிலும் மருந்து இல்லை, கோவையிலும் இல்லை.

அடையாளத்துக்கு 134.2 கிலோஹெர்ட்ஸ் மைக்ரோசிப்பைக் கழுத்தின் இடப்பக்கத் தோலடியில் கால்நடை மருத்துவர் பொருத்தலாம். சிப் தாங்காத குஞ்சுகளுக்குத் தலை, முதுகின் முன்பகுதி, அடிவயிறு மூன்றின் புகைப்படம் போதும்; பால் பைத்தானின் முதுகுக் கோலம் ஒன்றுக்கொன்று மாறுபடும், வளர்ந்தாலும் அழியாது. கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் இருப்பவர்களுக்குப் பத்து இனங்களின் படம் போட்ட ஓர் அட்டை கொடுங்கள். பாம்பைக் கொண்டுசெல்பவர் கையில் பதிவுச் சான்றும் இட அனுமதியும் இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் ஏறி மூன்று மணி நேரத்தில் 12 டிகிரியில் இறங்கும் பயணம் இது. பேருந்தின் அடிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது கொடுமை, அதைத் தண்டனைக்குரியதாக்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் வலியுறுத்துவது ஒப்படைப்பு. பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டு வாழும். கல்லூரி வயதில் வாங்கியவர் வேலைக்கு வெளியூர் போவார், திருமணம் ஆகும், வீட்டில் வேண்டாம் என்பார்கள். அந்த நாளில் பாம்பைக் கொடுக்க ஓர் இடம் இல்லையென்றால் சோலைதான் அந்த இடம். உதகையிலும் கூடலூரிலும் ஒவ்வொரு ஒப்படைப்பு அறை வேண்டும்: சூடேற்றிய எட்டுப் பெட்டிகள், புதிதாக வருவதை 90 நாள் தனித்து வைக்கத் தனி அறை, உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வெள்ளைத் தாள் விரிப்பு, வாரம் இருமுறை வரும் கால்நடை மருத்துவர். பதிவில்லாத பாம்பைத் தானாக முன்வந்து ஒப்படைப்பவர் மீது முதல் 6 மாதம் வழக்கு இல்லாமல் செய்ய முடியுமா என்பதைத் தலைமை வனவிலங்குக் காப்பாளருடன் பேசி அறிவியுங்கள். அந்த உறுதி இல்லாமல் யாரும் வரமாட்டார்கள்.

நடைமுறை நீளக் கூடாது. ஒரே விண்ணப்பம், நகராட்சி சுகாதார ஆய்வாளர், வனவர், கால்நடை உதவி மருத்துவர் மூவரும் ஒரே நாளில் ஒரே ஆய்வு, 30 நாளுக்குள் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், குறையைச் சரிசெய்ய 45 நாள். அந்த 45 நாளும் பாம்பு எங்கே இருக்கும் என்பதையும் உத்தரவிலேயே எழுதுங்கள். ஆய்வுப் படிவத்தின் வரைவை, மேலே சொன்ன அளவுகளோடு, தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். ஆய்வுக்குச் செல்லும் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரவும் ஆயத்தமாக உள்ளோம். உறைபனிக்கு முன், அக்டோபர் மன்றக் கூட்டத்தில் இது பொருளாக வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
நீலகிரியில் பாம்பு மீட்பு, ஊர்வன மருத்துவம், பாம்பு வளர்ப்பு ஆகியவற்றில் ஈடுபட்டுள்ளோர்